லிஸ்பன் வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: கிராசா குன்றிலிருந்து சில பதில்கள்

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில், கிராசா என்ற குன்றின் மேல் எங்கள் வீடு இருக்கிறது. அதில் ஓர் அறையை ஊர் பார்க்க வருவோருக்கு விடுகிறோம். சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும், பாரிஸ், லண்டன் போன்ற ஊர்களிலிருந்தும் தமிழ் பேசுபவர்கள் வந்து தங்குகிறார்கள். வருவதற்கு முன் வாட்ஸ்அப்பில் கேட்பதும், வந்தபின் சாப்பாட்டு மேசையில் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கட்டணமும் திறக்கும் நேரமும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வேண்டும்?

நான்கு நாள் இருந்தால் நல்லது. மூன்று நாள் ஊருக்குள், ஒரு நாள் ரயிலில் போய்வரக்கூடிய அரண்மனை ஊரான சிந்த்ராவுக்கு. இரண்டே நாள்தான் கைவசம் என்றால் சிந்த்ராவை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லிஸ்பனை ஏழு குன்றுகளின் நகரம் என்பார்கள். கால்களைக் கேட்டால் ஏழுக்கு மேலேயே கணக்குச் சொல்லும். கைப்பேசி வரைபடத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே அரை கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். நடுவில் ஒரு பள்ளம் இறங்கி, மறுபடியும் நூறு படி ஏற வேண்டும் என்பது அதில் தெரியாது. காலையில் கோட்டை, மதியம் ஆற்றங்கரைப் பகுதியான பெலேம், மாலை வேறொரு குன்று என்று திட்டம் போட்டு வந்தவர்கள், இரண்டாம் நாளே காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு நாளைக்கு ஒரு குன்று. அந்தக் குன்றிலேயே காபி குடியுங்கள், சாப்பிடுங்கள், வெயில் சாய்வதைப் பாருங்கள். இந்த ஊர் அப்படித்தான் பிடிபடும்.

எந்த மாதத்தில் வரலாம்?

மே, ஜூன் மாதங்கள் எனக்குப் பிடித்தவை. மே கடைசியில் ஜக்கராண்டா மரங்கள் பூத்து, தெருக்கள் ஊதா நிறமாகிவிடும். செப்டம்பர் இறுதியும் அக்டோபரும் நல்ல காலம். ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழை வரும். குளிர் வடக்கு ஐரோப்பா அளவுக்கு இருக்காது. ஆனால் இங்குள்ள பழைய வீடுகளில் வெப்பமூட்டும் வசதி குறைவு, சுவர்கள் ஈரம் கோத்துக்கொள்ளும். வெளியே நடக்கும்போது இல்லாத குளிர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் தெரியும். ஜனவரியில் வருகிறவர்கள் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளவே ஒரு கம்பளிச் சட்டை கொண்டுவாருங்கள்.

விமான நிலையத்திலிருந்து எப்படி வருவது? எந்த டிக்கெட் வாங்குவது?

விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து சிவப்புத் தட மெட்ரோவில் ஏறி, அலமேடாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் மர்த்திம் முனீஸ் நிலையம். அங்கிருந்து எங்கள் குன்றுக்கு 734 பஸ் வருகிறது. பெரிய பெட்டி இருந்தால் டாக்ஸியே மேல். மெட்ரோ காலை ஆறரையிலிருந்து இரவு ஒரு மணி வரை ஓடும்.

மெட்ரோ நிலையத்து இயந்திரத்தில் 'நவெகாந்த்' என்ற அட்டையை வாங்குங்கள். விலை அரை யூரோ. ஆளுக்கொரு அட்டை வேண்டும். கணவன் மனைவி இருவரும் ஒன்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தட்ட முடியாது. ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்குவதாக இருந்தால் 24 மணி நேர டிக்கெட் லாபம். மெட்ரோ, பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும். டிராமுக்குள் ஓட்டுநரிடம் வாங்கும் டிக்கெட் விலை கூடுதல்.

28ஆம் எண் டிராமில் போயே ஆக வேண்டுமா?

ஆசை இருந்தால் போங்கள். மர்த்திம் முனீஸில் தொடங்கி, எங்கள் கிராசாவைச் சுற்றி, அல்ஃபாமாவின் சந்துகளில் புகுந்து, ஷியாடு, எஷ்ட்ரேலா வழியாகக் காம்பு டி ஊரிக் வரை போகும் மஞ்சள் வண்டி அது. சில திருப்பங்களில் ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் வீட்டுச் சுவரைத் தொட்டுவிடலாம். மரப்பலகை அடித்த உட்புறமும், ஓட்டுநர் பித்தளைக் கைப்பிடியைத் திருப்பும்போது எழும் கரகரப்பும் எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

ஆனால் பகல் பத்து மணிக்கு மர்த்திம் முனீஸ் வரிசையில் நிற்காதீர்கள். ஒரு மணி நேரம் நின்று, ஏறியபின் ஒருவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு போவீர்கள். காலை எட்டு மணிக்கு முன்பே மறுமுனையான காம்பு டி ஊரிக்கின் கல்லறைத் தோட்டத்து நிறுத்தத்துக்குப் போய்விடுங்கள். அங்கே உட்கார இடம் கிடைக்கும். வண்டியில் எங்கள் தெருப் பாட்டிகளும் மார்க்கெட் பையோடு ஏறுவார்கள். அவர்களுக்கு இது மருத்துவமனைக்கும் கடைக்கும் போகும் வண்டி. எழுந்து இடம் கொடுங்கள். 28 கிடைக்காவிட்டால் 12ஆம் எண் டிராம் அல்ஃபாமாவின் பக்கம் ஒரு சிறு சுற்று சுற்றிவரும்.

கயிற்றிழுவை வண்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா இழுவை வண்டியின் கேபிள் கழன்று, வண்டி சரிவில் பாய்ந்து 16 பேர் இறந்தார்கள். அந்தத் துக்கம் ஊருக்கு இன்னும் ஆறவில்லை. அந்தச் சரிவின் பக்கம் போனால் படம் எடுக்கும் முன் ஒரு கணம் நின்றுவிட்டுப் போங்கள்.

என்ன காலணி கொண்டுவர வேண்டும்?

ரப்பர் அடிப்பாகம் உள்ள, பிடிமானமான காலணி. இங்கே நடைபாதைகள் எல்லாம் 'கல்சாடா' என்னும் கல்பாவல். வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் கறுப்புக் கல்லும் சிறு சதுரங்களாகச் செதுக்கப்பட்டு, கையால் ஒவ்வொன்றாகப் பதிக்கப்பட்டவை. அலை, கப்பல், கொடி என்று கோலம் போட்டதுபோல இருக்கும். பல தலைமுறைக் கால்கள் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல ஆகிவிட்டன. தூறல் விழுந்தால் வழுக்கும், அதுவும் இறக்கத்தில். குதிகால் உயர்ந்த செருப்பைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

முதல் நாள் எங்கே தொடங்கலாம்?

எங்கள் வீட்டிலிருந்து மேலே ஐந்து நிமிடம் நடந்தால் செஞோரா டு மோந்த் என்னும் காட்சி மேடை. காலை ஏழரைக்குப் போங்கள். கோட்டை, அதற்குக் கீழே ஓட்டுக்கூரைகள், அப்பால் தேஜு ஆறு, தூரத்தில் சிவப்புத் தொங்குபாலம் என்று ஊரே விரிந்து கிடக்கும். அங்கே நின்று எந்தக் குன்று எங்கே என்று மனதில் பதித்துக்கொண்டால் மற்ற நாட்களில் வழி தவறாது.

பிறகு இறக்கத்திலேயே நடந்து சாவ் விசென்ட் மடாலயத்துக்கு வாருங்கள். செவ்வாய், சனிக்கிழமைகளில் அதன் பின்னால் ஃபெய்ரா டா லாட்ரா என்ற பழைய பொருள் சந்தை கூடும். பித்தளைக் கைப்பிடி, உடைந்த ஓட்டோவியம், யாரோ ஒருவரின் கல்யாணப் புகைப்படம் எல்லாம் தரையில் விரித்த துணிமேல் கிடக்கும். நீல வெள்ளை ஓடுகளில் பழையவற்றை வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் பல, இரவில் வீட்டு முகப்புகளிலிருந்து பெயர்த்துத் திருடப்பட்டவை. எங்கள் தெருவிலேயே ஒரு சுவரில் பல் விழுந்ததுபோல நான்கு இடம் காலியாக இருக்கிறது. நினைவுக்கு ஓடு வேண்டுமென்றால் புதிதாகச் செய்பவர்களிடம் வாங்குங்கள்.

சந்தைக்குப் பக்கத்தில் வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்பது தேசிய நினைவாலயம், முன்பு சாந்தா எங்கிராசியா தேவாலயம். 1682இல் கட்டத் தொடங்கி 1966இல்தான் முடித்தார்கள். முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கும் எந்த வேலையையும் 'சாந்தா எங்கிராசியா வேலை' என்று இங்கே சொல்வார்கள். எங்கள் குளியலறைக் குழாயை மாற்ற வந்தவர் மூன்றாம் வாரமும் வேலையை முடிக்காதபோது பக்கத்து வீட்டு அம்மாள் அதைத்தான் சொன்னார்.

அங்கிருந்து போர்த்தாஸ் டு சோல் மேடை, பிறகு அல்ஃபாமா. அரபு ஆட்சிக்காலத்தில் வெந்நீர் ஊற்றுகளை ஒட்டி வந்த பெயர் என்பார்கள். 1755 நிலநடுக்கத்தில் பெரிய அளவில் தப்பிய பகுதி இது. வரைபடத்தை அணைத்துவிட்டு இறக்கமாகவே நடங்கள்; எந்தச் சந்தில் புகுந்தாலும் கடைசியில் ஆற்றங்கரைக்குத்தான் வருவீர்கள். துணி காயும் கொடிகளுக்குக் கீழே நடக்கும்போது தலையில் இரண்டு சொட்டு விழும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு ஒரு 'போங் தியா', அதாவது காலை வணக்கம், சொல்லிவிட்டுப் போங்கள். அவர் வீட்டு வாசலில்தான் நீங்கள் நடக்கிறீர்கள்.

வழியில் அந்தோணியார் கோயில் என்று ஒன்று இருக்கிறதே, அவர் பதுவைக்காரர் அல்லவா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. உவரியிலும் கச்சத்தீவிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் நம் மக்கள் கும்பிடும் புனித அந்தோணியார் லிஸ்பனில் பிறந்தவர். 1231இல் இத்தாலியின் பதுவை நகரில் இறந்ததால் அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. லிஸ்பன்காரர்கள் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். அவர்களுக்கு அவர் 'சாந்து அந்தோனியு', ஊர்ப்பிள்ளை.

ஸே என்னும் பேராலயத்துக்குச் சற்றுக் கீழே அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் சிறிய கோயில் இருக்கிறது. பக்கவாட்டுப் படிகளில் இறங்கினால் நிலவறை வரும். அங்கே மெழுகுவத்தி மணம், ஒரு பலிபீடம், நாலைந்து பேர் நிற்க இடம். உவரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா அந்தப் படியில் இறங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. கோயில் காவலர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, நகர்ந்து வழிவிட்டார்.

ஜூன் 12 இரவு அவருடைய திருவிழா. தெருவெங்கும் கரி அடுப்பு, மத்தி மீன் சுடும் புகை, தோரணங்கள். அவெனிதா டா லிபர்தாத் சாலையில் ஒவ்வொரு பேட்டையும் தன் உடை, பாட்டோடு ஊர்வலம் வரும். அன்று 'மஞ்செரிக்கு' என்ற செடித்தொட்டியைக் காதலிக்குக் கொடுப்பார்கள். நம் திருநீற்றுப்பச்சை வகைதான், இலை மட்டும் மிகச் சிறியது. கூடவே காகிதப் பூவும் நாலடிப் பாட்டும் செருகியிருக்கும். மூக்கை அதன் மேல் வைத்து முகரக் கூடாது, செடி வாடிவிடும் என்பது இங்குள்ள நம்பிக்கை. உள்ளங்கையால் மேலே தடவி, கையை முகர வேண்டும். அன்றிரவு தூங்க முடியாது, தெரிந்தே வாருங்கள்.

1755 நிலநடுக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பார்க்க என்ன இருக்கிறது?

நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலை. மக்கள் கோயில்களில் இருந்த நேரத்தில் நிலம் ஆடியது. பலிபீட மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் தீயை மூட்டின. ஆற்றங்கரை வெட்டவெளிக்கு ஓடியவர்களைக் கடல் அலை அடித்துக்கொண்டு போனது. 2004 டிசம்பர் 26ஐ நினைவில் வைத்திருக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஷியாடு குன்றில் உள்ள கார்மு மடாலயத்துக்குப் போங்கள். கூரை அன்று விழுந்தது, திரும்பப் போடவே இல்லை. கல் வளைவுகள் மட்டும் வானத்தைத் தாங்கி நிற்கின்றன, தரையில் புல். பிறகு கீழே பைஷாவுக்கு இறங்கினால் எல்லாத் தெருவும் நூல் பிடித்ததுபோல நேராக இருக்கும். அமைச்சர் பொம்பால் பிரபு நகரைப் புதிதாக எழுப்பியபோது போட்ட கட்டம் அது. அந்தக் கட்டடங்களின் சுவருக்குள் மரச்சட்டக் கூண்டு ஒன்று ஒளிந்திருக்கிறது. நிலம் ஆடினால் சுவர் உதிர்ந்தாலும் கூண்டு நிற்க வேண்டும் என்பது யோசனை. மாதிரிக் கூண்டு செய்து, சுற்றிலும் சிப்பாய்களை அணிவகுத்து நடக்கவைத்து அதிர்வைச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள்.

கார்மு மடாலயத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்திலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் மார்செலு கயேத்தானு அங்கிருந்த படைமுகாமில் சரணடைந்தார். சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் மக்கள் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே நடக்கும். நீங்கள் இங்கே இருந்தால் ஒரு சிவப்புப் பூவை வாங்கிக்கொண்டு சேர்ந்துகொள்ளுங்கள்.

பெலேம் போகத்தான் வேண்டுமா? வாஸ்கோ ட காமாவை ஏன் பார்க்க வேண்டும்?

போங்கள், ஆனால் திங்கட்கிழமை வேண்டாம். பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். 15ஆம் எண் டிராம் போகும். ஜெரோனிமுஸ் மடாலயத்தை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கினார்கள். கிழக்கிலிருந்து வந்த மிளகுப் பணம் அந்தக் கல்லில் இருக்கிறது. தூண்களில் கயிறு, பவளம், கடற்பாசி எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524இல் கொச்சியில் இறந்தவர். எலும்புகள் பிறகு இங்கே வந்தன.

அந்தக் கல்லறை முன் நம்மவர்களுக்குப் பல எண்ணங்கள் ஓடும். 1502இல் அவர் யாத்திரிகர் கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு எரித்தவர். முத்துக்குளித்துறையின் வரலாறும், 1619இல் வீழ்ந்த யாழ்ப்பாண அரசின் வரலாறும் அந்தக் கப்பல்களின் பின்னால் வந்தவை. ஆற்றங்கரையில் 1960இல் எழுப்பிய கண்டுபிடிப்பாளர் நினைவுச்சின்னம் அந்தக் காலத்தைப் பெருமையாக மட்டுமே காட்டுகிறது. அதன் முன்னே தரையில் பளிங்கில் பதித்த உலக வரைபடம் உண்டு. நம் கடற்கரையைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் நின்று பாருங்கள்.

அதே பெலேமுக்கு நான் வேறொரு காரணத்துக்காகவும் போவேன். தமிழ் முதன்முதலில் அச்சானது இந்த லிஸ்பனில், 1554இல். 'கார்த்தில்யா' என்ற சிறிய ஞானோபதேச நூல். தமிழை ரோமன் எழுத்தில் எழுதி, கூடவே போர்த்துக்கீசியப் பொருளும் கொடுத்து அச்சிட்டார்கள். தமிழ் எழுத்திலேயே தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சானது அதற்குப் பிறகு, 1578இல். கார்த்தில்யாவின் பிரதி ஜெரோனிமுஸ் வளாகத்திலுள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 2022இல் புதுப்பிப்புப் பணிக்காக அந்த அருங்காட்சியகத்தை மூடினார்கள். திறந்திருந்தாலும் அந்த நூலைக் காட்சியில் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரிந்து அதன் ஓரமாக நடப்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பெலேமில் 1837 முதல் நடக்கும் பலகாரக் கடையின் முட்டைக் கூடு, அதாவது முட்டையும் பாலும் கலந்த இனிப்பை நிரப்பிச் சுட்ட சிறு பலகாரம், உலகப்புகழ். வாங்கிச்செல்லும் வரிசை நீளமாக இருந்தாலும் உள்ளே பெரிய கூடங்கள் உண்டு. நேராக உள்ளே போய் உட்காருங்கள். மேலே இலவங்கப்பட்டைத் தூள் தூவி, சூட்டோடு சாப்பிட வேண்டும்.

ஆங்கிலம் போதுமா?

போதும். இருந்தாலும் உள்ளே நுழைந்ததும் 'போங் தியா', மதியத்துக்குப் பின் 'போவா தார்த்' என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறுங்கள். நன்றிக்கு ஆண்கள் 'ஒப்ரிகாது', பெண்கள் 'ஒப்ரிகாதா'. ஸ்பானிஷில் பேசினால் புரியும், ஆனால் மனம் நோகும்.

பாதி வார்த்தைகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் வீட்டில் ஜனேலா என்றால் ஜன்னல், ஷாவ் என்றால் சாவி, மேஸா என்றால் மேசை, அர்மாரியு என்றால் அலமாரி, துவால்யா என்றால் துவாலை. இலங்கைத் தமிழர்களுக்கு இன்னும் எளிது: சபாத்து என்றால் சப்பாத்து, பாவ் என்றால் பாண். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் பேக்கரியில் விரலைக் காட்டி "பாண்" என்றார்; கடைக்காரப் பெண் மறுகேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். அன்று முழுவதும் அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், கவனம் வேண்டும். 'செங் கார்ன்' என்றால் இறைச்சி இல்லாமல், 'செங் பெய்ஷ்' என்றால் மீன் இல்லாமல். இரண்டையும் சொல்லுங்கள், இறைச்சி வேண்டாம் என்றால் மீன் வைத்துவிடுவார்கள். 'கால்டு வெர்த்' என்ற கீரைச் சூப் பார்க்கச் சைவம்போல இருக்கும், மேலே ஒரு துண்டு பன்றி இறைச்சித் தொத்திறைச்சி மிதக்கும். காய்கறிச் சூப்பைக் கேட்டு வாங்கலாம். மர்த்திம் முனீஸ் சுற்றுவட்டத்தில் பங்களாதேஷ், நேபாள, இந்தியக் கடைகள் நிறைய. பருப்பு, கொத்தமல்லி, பச்சைமிளகாய் எல்லாம் கிடைக்கும். லுமியார் பகுதியில் உள்ள ராதாகிருஷ்ணர் கோயிலில் சைவச் சாப்பாடு உண்டு.

சாதாரணத் தேநீர்க்கடைகளிலும் 'ஷமூசா' என்று சமோசா விற்பதைப் பார்ப்பீர்கள். கோவா வழியாக வந்து இந்த ஊர்ப் பண்டமாகிவிட்டது. பெரும்பாலும் உள்ளே கறி இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

மீன் சாப்பிடுபவர்கள் 'பக்கல்யாவ்' சாப்பிடாமல் போகாதீர்கள். உப்பிட்டு உலர்த்திய காட் மீன், அதாவது கருவாடு. பலகைபோல விறைத்திருப்பதை ஒன்றிரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துச் சமைப்பார்கள். கருவாட்டு வாசனையை முகம் சுளிக்காமல் ரசிக்கும் இன்னோர் ஊருக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைக்கிறார்களே?

அது இலவசம் இல்லை. தொட்டால் பில்லில் வரும். தொடாவிட்டால் வராது, சட்டமும் அப்படித்தான். வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, பாட்டிலை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

காபிக்கு மேசையில் உட்காராமல் கவுண்டரில் நின்று குடியுங்கள். 'பிக்கா' என்றால் சின்னக் கோப்பையில் கெட்டிக் காபி. நம் டம்ளர் காபிபோல வேண்டுமென்றால் 'கலாவ்' கேளுங்கள். கண்ணாடி டம்ளரில் பால் தூக்கலாக வரும்.

ஃபாடு பாட்டு எங்கே கேட்கலாம்?

அல்ஃபாமாவிலும் மொராரியாவிலும் சிறிய இடமாகப் பாருங்கள். வாசலில் நின்று ஆள் பிடிக்கும் கடையைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு பாடகர், பன்னிரண்டு கம்பி போர்த்துக்கீசிய கிதார், சாதாரண கிதார், மைக் கிடையாது. விளக்கைக் குறைத்ததும் எல்லாம் நின்றுவிடும். கரண்டி சத்தம்கூடக் கூடாது. பேசினால் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. போனவரை நினைத்து, இனி வராததை நினைத்து எழும் ஏக்கத்தை 'சவ்தாத்' என்கிறார்கள். ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு அது நேராகப் போய்ச் சேரும். கைப்பேசியில் படம் எடுக்காமல் கேளுங்கள்.

மழை நாளில் போர்த்தாஸ் டு சோலுக்குப் பக்கத்துத் தெருவில், கல்சாடாக் கற்களாலேயே செய்த அமாலியா ரொட்ரிகஸின் முகத்தைத் தேடிப் பாருங்கள். ஃபாடுவின் பெருங்குரல் அவர். வில்ஸ் என்ற ஓவியரும் கல்பதிப்பவர்களும் 2015இல் செய்தது. தரையிலிருந்து அலைபோல எழுந்து சுவரில் ஏறும். மழையில் அந்தக் கற்கண்களிலிருந்து நீர் வழியும்.

வயதான பெற்றோருடன் வருகிறோம். ஏற்றங்கள்?

பைஷாவில் ஃபங்கெய்ருஸ் தெருவிலிருந்து கோட்டைப் பக்கம் ஏற இலவச லிஃப்ட் இருக்கிறது, அதையடுத்து இன்னொன்று. பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்தின் நகரும் படிகளே ஒரு குன்றை ஏற்றிவிடும். கோட்டை வாசலுக்கு 737 பஸ் போகும். சாந்தா ஜுஸ்தா இரும்பு லிஃப்டில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கவைக்காதீர்கள். அதன் மேல்மட்டத்துக்குக் கார்மு சதுக்கத்திலிருந்தே நடந்து போகலாம்.

அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது படகுப் பயணம். கைஸ் டு சொட்ரேயிலிருந்து எதிர்க்கரை கசில்யாஸுக்குப் பத்து நிமிடம், அதே நவெகாந்த் அட்டையில் பணம் போட்டு ஏறலாம். படி இல்லை, ஏற்றம் இல்லை. ஊர் முழுவதும் ஜன்னலுக்கு வெளியே அடுக்கடுக்காக நிற்கும்.

திருட்டு பயம் உண்டா?

அடிதடி அபூர்வம். ஜேப்படி உண்டு, 28 டிராம், ரோசியு சதுக்கம், காட்சி மேடைகளில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பைஷாவில் யாராவது அருகில் வந்து போதைப்பொருள் வேண்டுமா என்று முணுமுணுத்தால் நிற்காமல் நடங்கள். அவசரத்துக்கு 112.

சிந்த்ரா?

ரோசியு நிலையத்திலிருந்து நாற்பது நிமிட ரயில். பேனா அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே வாங்குங்கள். முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். லிஸ்பனில் வெயில் அடித்தாலும் அங்கே மூடுபனி இருக்கும்.

வீட்டு விதிகளில் 'இரவில் பெட்டியை உருட்ட வேண்டாம்' என்று எழுதியிருக்கிறீர்களே?

கல்பாவிய தெருவில் பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்கும். அதிகாலை நாலு மணிக்கு விமானத்துக்குக் கிளம்பும் ஒவ்வொருவரும் ஒரு தெருவையே எழுப்பிவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து முனை வரை தூக்கிக்கொண்டு போங்கள்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் குடிவந்தபோது எங்கள் படிக்கட்டில் ஆறு குடும்பங்கள். இப்போது மூன்று. மற்ற வீடுகள் முழுக்கச் சுற்றுலாத் தங்கலாகிவிட்டன. வாடகை ஏறி, இங்கேயே பிறந்தவர்கள் ஆற்றுக்கு அக்கரை போய்விட்டார்கள். நாங்களும் அறை விடுகிறோம் என்பதால் இந்தப் பொறுப்பு எங்களுக்கும் உண்டு. அதனால்தான் நாங்கள் வாழும் வீட்டிலேயே ஓர் அறையோடு நிறுத்திக்கொண்டோம். நீங்கள் எங்கே தங்கினாலும் வீட்டுக்காரர் அங்கேயே இருக்கும் இடமாகவோ ஹோட்டலாகவோ பாருங்கள். மூலைக் கடையில் ரொட்டி வாங்குங்கள். நகராட்சியின் தங்கும் வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ, அதிகபட்சம் ஏழு இரவு, குழந்தைகளுக்கு இல்லை.

கடைசி நாள் விமானம் இரவில்தான். அதுவரை என்ன செய்வது?

பெட்டியை எங்கள் நடையில் வைத்துவிட்டுப் போகலாம். மாலையில் கிராசா மேடைக்குப் போங்கள், வீட்டிலிருந்து மூன்று நிமிடம். பைன் மரத்தடியில் மேற்கு பார்த்து உட்கார்ந்தால் கோட்டைக்கு அப்பால், பாலத்துக்குப் பின்னால் வெயில் இறங்கும். மற்றபடி கிளம்பும்போது நாங்கள் வீட்டில் இல்லாவிட்டால் துவாலைகளைக் குளியலறையிலேயே போடுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், சாவியை மேசை மேல் வைத்துவிட்டுக் கதவை இழுத்துக்கொண்டு போங்கள்.